கமக்கட்டில் ஒரு குழாய்

எனக்கு மூளை கொஞ்சம் அதிகம் என்று நான் நம்பியிருந்த காலம் அது. (வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.) வெள்ளவத்தையில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து நேர்சிங் ஹோமில் வதனி அக்கா படுத்திருந்தார். கொட்டாஞ்சேனையில் ரீச்சர். பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் அவருடைய இரத்தம் திடீரென்று உறையாமல் போயிற்று. உடம்பெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றல். உறைய வைக்கும் சத்து குறைந்துவிட்டதா, அல்லது அவர் உடம்பே அதை அழிக்கிறதா? குறைவென்றால் பிளாஸ்மா ஏற்றினால் போதும். அழிக்கிறதென்றால் ஏற்றுவதெல்லாம் வீண், மருந்தே வேறு.

அவருடைய பிளாஸ்மாவோடு சுகதேகி ஒருவரின் பிளாஸ்மாவைக் கலந்து, உடம்புச் சூட்டில் இரண்டு மணித்தியாலம் வைத்து, அதன் பிறகும் உறையச் சுணங்குகிறதா என்று பார்க்கவேண்டும். தாமதமானால் உடம்பே அழிக்கிறதென்று அர்த்தம். தொடங்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

"கொள்ளுப்பிட்டி லாப்பில ஜெனரேற்றர் இருக்கு. கலந்து, சுடுதண்ணிப் பிளாஸ்கில வைச்சுக் கொண்டுபோம். அவவின்ர பிளாஸ்மாவில பாதியை இங்க வையும்," என்றார் எங்கள் பொறுப்பாளர் சிவம் ஐயா.

நான் முழுவதையும் கலந்தேன். பிளாஸ்கையும் எடுக்கவில்லை. சண்டைக் காலம், சென்றிப் பொயின்றில் ஆமிக்காரர் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பார்ப்பார்களே! உடம்புச் சூடுதானே வேண்டும், உடம்பே இருக்கிறதே என்று குழாயைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.

பம்பலப்பிட்டியில் ஆமிக்காரன் மறித்தான். "அத் தெக்கம உஸ்ஸனவா!"

ஒரு கையைத் தூக்கினேன். இரண்டு கையையும் என்று துவக்கை நீட்டினான். தூக்கினேன். குழாய் தெருவில் விழுந்து நொறுங்கியது.

"மே மொக்கத?" இது என்னவென்று கேட்டான்.

"லே, மஹத்தயா," என்றேன். இரத்தமென்றால் சிவப்பாக இருக்கவேண்டும் என்பது அவன் நியாயம். தெருவில் கிடந்தது மஞ்சள். பொலிசில் ஒப்படைத்துவிட்டான். பின்னேரம் சிவம் ஐயா வந்து கூட்டிப்போகும்வரை பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த நாள் காலை மறுபடியும் இரத்தம் எடுக்கப் போனேன். குழாய் விழுந்த கதையைச் சிவம் ஐயா அங்கே சொல்லியிருந்தார். அக்காவின் கணவர் வழிமறித்தார். "இன்னும் குத்தப் போறீரோ? நேற்றுக் குத்தின இடமே இன்னும் கசியுது."

"விடுங்கோப்பா," என்று அக்கா கையை நீட்டினார். அந்தக் கையில் கன்றாத இடம் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. "தம்பி, இந்தமுறை கையைத் தூக்கிப்போடாதேங்கோ."

அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

சோதனை சரியாக முடிந்தது. அவர் உடம்பே அழித்துக்கொண்டிருந்தது. அன்றே மருந்து தொடங்கினார்கள். நாலாம் நாள் மூளையில் இரத்தம் கசிந்து வதனி அக்கா செத்துப்போனார். ஒரு நாள் பிந்தியதால் ஒன்றும் மாறவில்லை என்றார் டொக்டர். நல்ல மனுசன். நான் நம்பவில்லை.

குழாய் விழுந்த கதையை மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறேன். இன்றும் நான் கண்ணாடிச் சாமான் எதைத் தூக்கினாலும், "அப்பா, கையைத் தூக்கிப்போடாதேங்கோ!" என்று மகள் கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அதை முதலில் சொன்னது யாரென்று இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.