உங்கள் காரை உயர்த்திய விவரம்

தரைக்கு நாலு விரல் மேலே போவதுதான் பெருமை என்று நம்பும் என் வீட்டுக்காரருக்கு, நிமிர்ந்து நடக்கவே விரும்பும் உங்கள் மனைவி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் காரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைப் போனில் கேட்டால் "ம்" என்கிறீர்கள். அதில் பாதியைத்தான் சௌக்கியம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதம் எதற்கு என்று புருவத்தைத் தூக்க வேண்டாம். போனில் நான் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் "அப்புறம் கூப்பிடுறேன்" வந்துவிடும். காகிதத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது.

போன வாரம் "இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான் வேலை, வண்டியை வித்துடு" என்று ஒரே மூச்சில் சொன்னீர்களே, அதில் முதல் பாதியை நான் காதில் வாங்கவில்லை, இரண்டாம் பாதிக்கு உடனே ஆள் பிடித்துவிட்டேன். மருந்துக்கடைக்காரரும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். நிறம் பிடித்தது, சத்தம் பிடித்தது, அந்த அம்மா உள்ளேயும் உட்கார்ந்தார், அதுவரை நல்லது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. முழங்கால் வலிக்காரர். நான் ஒரு கை, மருந்துக்கடைக்காரர் ஒரு கை பிடித்து, மாவில் புதைந்த கரண்டியை இழுப்பது போல் இழுத்தோம். "இது காரா, குளிக்கிற தொட்டியா?" என்றார் அந்த அம்மா. "எங்க வீட்டுக்காரர் ஆசையா தரையோட ஒட்டி இறக்கினதுங்க." "இறக்கினவரையே ஏத்தித் தரச் சொல்லும்மா." "அதுக்கு முதல்ல அவரை விமானத்துல இருந்து இறக்கணுங்க" என்று சிரித்துவைத்தேன்.

ஏற்றத்தானே வேண்டும், நீங்கள் செய்ததைப் பார்த்தவள்தானே என்று நானே இறங்கினேன். காரோடு வந்த சாதுவான ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு நீங்கள் வாங்கி மாட்டிய அந்தக் காயிலோவர், மரை போட்ட குழாய், அதைச் சுற்றி ஸ்பிரிங், அடியில் வளையம். மேலே திருகினால் கார் ஏறும், கீழே திருகினால் இறங்கும், கேட்கும்போது ஊறுகாய் ஜாடி மூடி மாதிரித்தான் இருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி முன்சக்கரத்தைக் கழற்றினால் மரை முழுக்கச் சேறு இறுகிக் கிடக்கிறது. குளியலறைக் கோப்பையில் உங்கள் பல் பிரஷ் மூன்று வருடமாக என்னுடையதோடு சும்மா நிற்கிறதே, அதுவாவது வேலை செய்யட்டும் என்று எடுத்துத் தேய்த்தேன். கோபிக்க வேண்டாம், நன்றாகக் கழுவி அதே கோப்பையில் வைத்துவிட்டேன். பிறகு கொக்கி ஸ்பேனரில் தொங்கி வளையத்தைத் திருகி, சக்கரத்தை மாட்டி, தையல் டேப்பால் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால், அடேயப்பா, நாலு விரல் ஏறியிருக்கிறது! மருந்துக்கடைக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டுவிட்டுத்தான் ஜாக்கியை இறக்கினேன். கார் ஒரு பெருமூச்சு விட்டது. பழைய இடத்துக்கு ஒரு நூல் மேலே உட்கார்ந்துகொண்டது.

வேறு வழியில்லாமல் பட்டறைக்கு ஓட்டிப் போய்ச் சொன்னால், பட்டறைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "தொங்குற சக்கரத்தை அளந்தீங்களாக்கா? தொங்கவிட்டு அளந்தா நானும் ஆறடிதான்!" தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங் அமர்ந்த பிறகுதான் அளக்க வேண்டுமாம். பின்சக்கரங்களில் என் கை படவில்லை. அங்கே மரையை எண்ணிக்கொண்டே போனவர் முகத்தைச் சுளித்தார்.

"யாருக்கா இதை செட் பண்ணது? ஓட்டுற பக்கத்தைவிட இந்தப் பக்கம் ரெண்டு சுத்து கூட ஏத்தியிருக்கே. அளக்கத் தெரியாதவரா இருக்கணும். இல்லேன்னா பக்கத்து சீட்டுல நல்ல கனமான ஆளை உக்கார வெச்சு அளந்திருக்கணும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், சட்டென்று ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நீங்கள் காரை இறக்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை, ஓட்டுகிற சீட்டில் உங்கள் எடைக்கு ஒரு சிமெண்ட் மூட்டையும் அதன்மேல் என் தையல் மிஷின் தலையும் வைத்து, பக்கத்தில் என்னை உட்கார்த்தி, "அசையாதே, மூச்சு மட்டும் விட்டுக்கோ" என்று சாயங்காலம் வரை இறங்கவிடவில்லையே. மணல் மூட்டை கிடைக்காமல் பெண்டாட்டியை வைத்துக்கொண்டார் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நாம் இரண்டு பேரும் ஏறினால் நேராக நிற்க வேண்டும் என்றா அவ்வளவு மெனக்கெட்டீர்கள்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

அந்த ரெண்டு சுற்று நான்தான் என்று பட்டறைக்காரரிடம் சொல்லவில்லை. "சமமா வெச்சிடவாக்கா?" என்றார். "வெச்சிடுங்க" என்றேன். இப்போது கார் உயர்ந்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப் போகிறார்கள். நீங்கள் சொன்னபடியே முடிந்தது.

வேளைக்குச் சாப்பிடுங்கள். சட்டைப் பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்தாமல் தையுங்கள். அங்கே யார் காரையும் இறக்கிக் கொடுக்காதீர்கள். எல்லா நலமும் உங்களைத் தேடி வரட்டும், வரும்போது உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு குறையும் இல்லாத உங்கள் மனைவி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் வாசலில் போய்ப் பார்த்தேன். யார் ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன என்பது போல் அந்தக் கார் விறைத்து நின்றது. பார்க்கச் சகிக்கவில்லை. பட்டறைக்கே திரும்ப ஓட்டிப் போய், அந்த ரெண்டு சுற்றோடு பழையபடி இறக்கச் சொல்லிவிட்டேன். "இது உங்க முழங்காலுக்கு ஆகாதுங்க" என்று மருந்துக்கடை அம்மாவிடமும் சொல்லியாகிவிட்டது. வேலை முடிந்ததும் என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். என் பக்கம் அமுங்கி, உங்கள் பக்கம் தூக்கிக்கொண்டது. பட்டறைக்காரர் குனிந்து பார்த்தார். "அதுக்கு ஸ்பேனர் இல்லக்கா, ஆள்தான் வேணும்" என்றார். ரெண்டு வருஷமெல்லாம் என்னால் முடியாது. லீவு போட்டு வந்து உட்காருங்கள்.