எல்ஸ்பெத்தின் பேத்திக்குப் பெயர் வைத்த விவரம்

துறைமுகச் சந்து,
செவ்வாய்க்கிழமை மாலை

கடல் கடந்து கனடாவில் குடியிருக்கும் என் அருமைத் தங்கை எல்ஸ்பெத்துக்கு, உன் ஒரே அண்ணன் ஆண்ட்ரூ ஃப்ளெட் பாசத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். உன் வீட்டுக்காரருக்கும், உங்கள் ஊர்ப் பனிக்கும் என் விசாரிப்புகள். ஹெர்ரிங் மீன் இந்த வருஷம் சுமார்தான். காற்று மட்டும் குறைவில்லாமல் வீசுகிறது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். காரியம் ஜெயம். உன் மகள் ஐலீன் பெற்ற பெண்குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் ஆகிவிட்டது. பெயர் உன் பெயர்தான். நீ டிக்கெட் வாங்கிவிடலாம். முதல் பெண்பிள்ளைக்குத் தாயைப் பெற்றவள் பெயர் என்பது நம் வழக்கம், அதை ஐலீன் காப்பாற்றினால் கோடையில் வந்து குழந்தையை எடுப்பேன், காப்பாற்றாவிட்டால் நான் அந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று நீ எழுதியிருந்தாயே, அந்தப் பொறுப்பை நான் தாய்மாமன் என்ற முறையிலும், துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல்களுக்குக் கயிறு கட்டியவன், அதாவது ஏறக்குறைய துறைமுக அதிகாரி என்ற முறையிலும் தலைமேல் ஏற்றுக்கொண்டு முடித்துவிட்டேன். எப்படி முடித்தேன் என்பதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படி, ஏனென்றால் எனக்கே அது முழுதாக விளங்கவில்லை.

போன வாரமே நான் ஐலீன் வீட்டுக்குப் போனேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு உன் மூக்கு, ஆனால் உன்னை மாதிரி கத்தவில்லை. உன் மாப்பிள்ளை சாண்டி ஒரு மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்தான். நல்ல பையன், அவன் அம்மா மினா இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டான், இல்லாத இடத்திலும் முன்ஜாக்கிரதையாகத் திறக்க மாட்டான். சாண்டியின் தங்கை கிளாஸ்கோவிலிருந்து பெயர்ப் புத்தகம் ஒன்று அனுப்பியிருந்தாள். புரட்டிப் பார்த்தேன். ஐலா, அயோனா, ஐல்சா என்று தீவும் பாறையுமாகப் போகிறது. "இதெல்லாம் பிள்ளைக்கு வைக்கிற பேரா, நான் கயிறு கட்டின படகுங்க பேரு" என்றேன். நம் அப்பாவின் பெயரையே பெண்ணாக்கி ஜேம்சினா என்று வைக்கலாம், மாமன் பெயரையும் அப்படியே ஆண்ட்ரூவினா என்று ஆக்கலாம், ஸ்காட்லாந்து முழுவதும் கௌரவமான குடும்பங்களில் இது உண்டு என்று பொதுவாகத்தான் சொன்னேன், எந்த உள்நோக்கமும் இல்லை. சாண்டி வலையைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

"பேரு என்னன்னு முடிவு பண்ணியாச்சா?" என்று கேட்டேன்.

"முடிவு பண்ணியாச்சு மாமா."

"என்ன பேரு?"

"ஞானஸ்நானத்துக்கு முன்னாடி பேரை வாய்விட்டுச் சொன்னா குழந்தைக்கு ஆகாதுன்னு என்னைப் பயமுறுத்தி வளத்ததே நீங்கதான். இப்ப நீங்களே கேட்டா எப்படி?"

"காதுல மட்டும் சொல்லு."

"அந்தக் காதுல சொன்னா சாயங்காலம் மீன் ஏலத்துல கேக்கும்."

சரி, வழக்கம் வழக்கம்தான், அதை நான் குறை சொல்ல முடியாது. நானும் அவளும் குழந்தையைக் 'குட்டி' என்றே சொல்லிப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, "அம்மா ஏதாவது எழுதினாங்களா?" என்று கேட்டாள். நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை அல்லவா. "உன் அம்மா பேரை வச்சா வருவாளாம், வைக்கலைன்னா வரமாட்டாளாம்" என்று பளிச்சென்று சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் தொட்டிலை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் உன்னோடு கனடாவுக்கு வராமல் சாண்டியைக் கட்டிக்கொண்டவள், நீயும் கல்யாணத்துக்கு வராதவள், அன்றிலிருந்து தாயும் மகளும் என் வாய் வழியாகவே பேசிக்கொள்கிறீர்கள். என் வாய்க்கு இது பெருமைதான், ஆனாலும் அன்றைக்குத் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

வந்ததும் ஒரு திட்டம் போட்டேன். சர்ச்சுக்குப் போகும் வழியில் பொட்டலம் கொடுப்பார்களே, மறந்திருக்க மாட்டாய். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஒரு வெள்ளிக்காசும் வெள்ளைத் துணியில் முடிந்து, பெண்குழந்தை என்றால் எதிரே வரும் முதல் ஆணுக்குக் கொடுக்க வேண்டும், வாங்கினவன் திரும்பி அவர்களோடு கொஞ்ச தூரம் நடந்து குழந்தையை வாழ்த்த வேண்டும். அந்த முதல் ஆண் நானாக இருந்தால், அந்தக் கொஞ்ச தூரத்தில் ஐலீன் மனசைக் கரைத்து உன் பெயருக்கு வழி பண்ணிவிடலாம் என்று கணக்கு. ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வலைக்கிடங்கு முனையில் போய் நின்றால், அங்கே எனக்கு முன்பே நண்டு ஜார்ஜ் நிற்கிறான். மினாவின் தம்பி. நம் ஊரில் ஜார்ஜ் ஃப்ளெட் என்று கூப்பிட்டால் அரைத் தெரு திரும்பிப் பார்க்கும் என்பதால் அவனை நண்டு என்றே வைத்திருக்கிறோம், நடையைப் பார்த்தால் உனக்கே நினைவு வரும்.

"இங்க என்ன பண்றே ஜார்ஜ்?"

"காத்து வாங்குறேன்."

"உன் வீட்ல காத்து இல்லையா?"

"இருக்கு. ஆனா அக்கா இந்த முனையில நின்னு வாங்கச் சொல்லிச்சு."

"உன் அக்காவுக்கும் பேத்திக்குத் தன் பேரை வச்சுப் பாக்க ஆசையாமா? ரெண்டாவது பொண்ணு பொறந்தா வையுங்கன்னு சொல்லு. அப்பாவைப் பெத்தவ முறை அப்பத்தான் வரும்."

"ரெண்டாவது பையனாப் பொறந்துட்டா? நீ வந்து பொறப்பியா?"

அவன் ஒரு அடி முன்னே நின்றான், நான் இரண்டடி முன்னே நின்றேன், அவன் மூன்றடி நின்றான், இப்படியே நாங்கள் இருவரும் யார் முதல் ஆண் என்று முன்னேறி முன்னேறித் தெருக்கோடி கிணறுவரை வந்துவிட்டோம். இதற்குள் சாண்டியோடும் மினாவோடும் வந்துகொண்டிருந்த ஐலீன் எங்கள் இரண்டு பேர் தலையையும் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பண்ணை வழியாக மேல் சாலையில் திரும்பிவிட்டாள். நாங்கள் குறுக்கே ஏறி ஓடினோம். நான் அந்தக் காலத்தில் ஓட்டப் பந்தயத்தில் மாகாண அளவில் பேசப்பட்டவன், இருந்தும் தாமதமாகிவிட்டது, ஏனென்றால் பண்ணைக் கதவு திறந்து கிடந்தது, அதன் நடுவே எங்களை முந்தி ஒரு ஜீவன் நின்றுகொண்டிருந்தது.

எந்த ஜீவன் என்று நான் எழுத மாட்டேன். சுருண்ட வாலும் சப்பை மூக்கும் சேற்று உடம்பும் உள்ளது, கடலுக்குப் போகிறவன் வீட்டில் அதன் பெயரை உச்சரித்தால் படகு திரும்பாது, உனக்குத் தெரியும். இதை எழுதும்போதே தோஷம் கழிய மேசையடியில் உள்ள இரும்பு ஆணியைத் தொட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அதனால் கையெழுத்து இந்த இடத்தில் கொஞ்சம் கோணலாக இருக்கும். அது பெட்டை என்றால்கூட பரவாயில்லை. ஆண். அதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லாதபடி பின்பக்கத்தைத்தான் முதலில் எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அது திரும்பி, நேரே நடந்து வந்து, சாண்டி கையில் இருந்த பொட்டலத்தைத் துணியோடும் காசோடும் வாயில் கவ்விக்கொண்டது. முதலில் எதிரே வந்த ஆண் அதுதான். எல்லாரும் இரும்பைத் தேடினார்கள். மினா கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டாள், சாண்டி தன் பெல்ட் கொக்கியைப் பிடித்தான், நண்டு ஜார்ஜ் மினாவைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே அண்ணே, போய்ப் பிடுங்கிட்டு வாங்க. பிள்ளையோட அதிர்ஷ்டம் அது வயித்துக்குப் போகுது" என்று மினா என்னைப் பார்த்துச் சொன்னாள். எத்தனையோ ஆண்கள் இருக்க என்னைச் சொன்னாள் என்பதைக் கவனி. நான் துரத்தினேன். அது டர்னிப் கிழங்கு வயலுக்குள் போனது, நானும் போனேன். அங்கே நடந்த சண்டையை விவரித்தால் உனக்குத் தூக்கம் வராது. அதன் எடை ஒரு சிறிய படகு இருக்கும். கடைசியில் துணி என் கைக்கு வந்தது, காசும் வந்தது, ரொட்டி போய்விட்டது. வெற்றி என்றே வைத்துக்கொள்.

ஆனால் நான் சர்ச்சுக்கு வந்தபோது ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தாய்மாமன் பெயர் வைத்த நேரத்தில் வயலில் நின்றான் என்று நாளைக்கு ஒருவன் சொல்லக்கூடாதே. அதனால் கோட்டைத் தட்டிவிட்டு, கடைசி வரிசையில் இருந்து எழுந்து வருகிறவன் மாதிரிக் கூட்டத்தில் கலந்துவிட்டேன். இனிமேல் பெயர் என்ன என்று யாரிடமும் நேராகக் கேட்க முடியாது. அதனால் என்ன, போலீஸ்காரன் திருட்டை நேரில் பார்த்தா பிடிக்கிறான்? விசாரிக்கத் தெரிந்தவனுக்குக் கண் எதற்கு.

முதலில் சர்ச் மூப்பர் டேவிட் ஸ்லேட்டரிடம் போய், "எப்படி இருந்துச்சு மூப்பரே?" என்றேன். "நான் மூப்பரானதிலேருந்து இந்த சர்ச்சுல இப்படி ஒண்ணைக் கேட்டதே இல்ல, ஆண்ட்ரூ" என்று தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார். எல்ஸ்பெத் என்ற பெயர் தெருவுக்கு நாலு உண்டு, அதை அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார். அப்படியானால் அந்தப் படகுப் பெயர்களில் ஒன்றா? அல்லது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஒருவேளை ஆண்ட்ரூவினாவா? கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன். அடுத்துப் போதகரிடம் போய்க் கைகுலுக்கி, "குழந்தை எப்படி சார்?" என்றேன். "காத்திருக்கத் தெரிஞ்ச குழந்தை" என்றார். அழவில்லை என்று சொல்கிறார் போலும், படித்தவர்கள் எதையும் நேராகச் சொல்வதில்லை.

மினா வீட்டில் தேநீர். உள்ளே நுழைந்தால் அவள் கண் சிவந்திருக்கிறது, தட்டுகளை ஒவ்வொன்றாக மேசையில் ஓங்கி வைக்கிறாள். "மனசுல ஒண்ணும் வச்சுக்காதேம்மா" என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன்.

"எனக்கென்ன அண்ணே வருத்தம். யாருக்குச் சேரணுமோ அவங்களுக்குச் சேரட்டும். நான் இங்கேயே கெடக்குறவதானே, தூரத்துல இருக்கறவங்களுக்குத்தான் மரியாதை."

நண்டு ஜார்ஜ் கேக்கை விழுங்கிக்கொண்டே, "பொண்ணுக்கு எப்பவும் அம்மா நினைப்புதான்யா. நாம என்ன பண்ண முடியும்" என்றான். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும் சொல். மினாவின் பெயர் இல்லை என்பது அவள் தட்டு வைத்த சத்தத்திலேயே தெரிந்தது. தூரத்தில் இருக்கிறவள் நீ ஒருத்திதான். மூப்பர் சொன்னது மட்டும் கணக்கில் உதைக்கிறது, ஆனால் அவருக்கு வயதாகிவிட்டது. குழந்தையை எல்லாரும் இன்னும் 'குட்டி' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பழக்கம் உடனே போகுமா. கிளம்பும்போது ஐலீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க அங்க பாத்ததை அப்படியே அம்மாவுக்கு எழுதிடுங்க, ஒண்ணும் சேக்க வேண்டாம், ஒண்ணும் விட வேண்டாம்" என்றாள். கண்ணில் தண்ணீர். அப்படியே எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன், அதைத்தான் இவ்வளவு நேரமும் செய்துகொண்டிருக்கிறேன்.

ஆகவே எல்ஸ்பெத், பாட்டி பெயரோடு பேத்தி நீடூழி வாழ்க. உன் கோபம் தீர்ந்து, கடல் அமைதியாக இருந்து, உன் வயிறு கப்பலில் புரளாமல் நீ வந்து சேர ஆண்டவன் துணை இருக்கட்டும். வீட்டுக்காரருக்கு என் அன்பு. எனக்கு அந்த ஊர்க் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி.

இப்படிக்கு,
உனக்குக் கொடுத்த வாக்கை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய அண்ணன்,
ஆண்ட்ரூ ஃப்ளெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் ஐலீன் குழந்தையோடு வந்தாள். "எழுதிட்டீங்களா மாமா?" என்றாள். "உன் அம்மா பேரை வச்சதை நாலு பக்கம் எழுதிட்டேன்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "பேரே வைக்கலையே மாமா. நீங்க எங்க இருந்தீங்க?" என்றாள். நடந்தது இதுதான். போதகர் விரலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார். இவள் சபை முழுவதும் கேட்க, "பேரு இருக்கு சார். ஆனா அதை முதல்ல கேக்கவேண்டியவங்க இன்னும் வந்து சேரல. அவங்க வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். போதகர் விரலைத் துடைத்துக்கொண்டு அடுத்த சங்கீதத்துக்குப் போயிருக்கிறார். மூப்பர் சொன்னது இப்போது எனக்குக் கணக்கில் நேராகிறது.

"அது உன் அம்மா பேருதானா, அதையாவது சொல்லு" என்று கெஞ்சினேன். "அம்மா கையில குட்டியை வச்சுக்கிட்டாத்தான் சொல்லுவேன்" என்றாள். "அவ பேரா இல்லாம வேற பேரா இருந்தா?" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, "இருந்தாலும் வரணும் மாமா. அதை மட்டும் எழுதுங்க" என்றாள்.

எனவே மேலே உள்ள நாலு பக்கத்தில் டிக்கெட் வாங்கச் சொன்ன வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடு. பெயர் உன்னுடையதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. உன் அண்ணன் தெரியாது என்று எழுதுவது இதுவே முதல் தடவை, பத்திரமாக வைத்துக்கொள். ஆனால் கோடை வரைக்கும் காத்திருக்காதே. பெயரில்லாத பிள்ளையை எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று நண்டு ஜார்ஜ் இன்று காலையிலிருந்து அதைக் 'கனடா' என்று கூப்பிடத் தொடங்கியிருக்கிறான், மீன் ஏலத்தில் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், நம் ஊரில் ஒன்று ஒட்டிக்கொண்டால் பிறகு எந்தப் போதகராலும் அதைக் கழுவ முடியாது.