பனியில் நின்ற முதல் பரிசு

“போட்டோவுல நிக்குதே, அதை நேர்ல பாக்கோணுமுங்க. நாளைக்குக் காத்தால வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டார் அந்த மனிதர்.

ஜெப்சன் பேச்சு முடிந்த போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

“யாருங்க?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மனைவி பிரிஸ்கில்லா.

“சேலத்துல இருந்து. மாதப்பன்னு பேராம். காட்டெருமையப் பாக்க வர்றாராம்.”

உள்ளே கரண்டி கீழே விழுந்தது.

ஜெப்சன் மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். வாரம் முழுக்க வேலையாட்களின் வருகையை எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கால்போன போக்கில் கிளம்பிவிடுவார். குருவி, சிலந்திவலை, மிளகுக்கொடி, மேகம் எதையும் விட்டுவைத்ததில்லை. எல்லாம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான். அவரிடம் இருந்தது நல்ல கேமரா. இல்லாதது பெட்ரோலுக்கு மனைவியின் அனுமதி.

சேலத்தில் ஒரு புகைப்படக் குழு, வீட்டுக்குப் பக்கத்தில் நடந்துபோய் எடுத்த இயற்கைப் படங்களுக்கென்றே போட்டி வைத்தபோது, இது நமக்காகவே வைத்தது என்று ஜெப்சன் நினைத்ததில் தப்பில்லை. ‘பனியில் காட்டெருமை’ என்று ஒரு படம் அனுப்பினார். முதல் பரிசு.

படம் உண்மையிலேயே அபாரம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பனி. பனிக்குள் பாறை மாதிரி ஒரு கறுப்பு உடம்பு. நாலு காலிலும் முட்டிவரை வெள்ளை. காட்டெருமைக்கு அந்த வெள்ளைக் கால்தான் அடையாளம் என்று நடுவர்களுக்குத் தெரியும். ஜெப்சனுக்கும் தெரியும். மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றுதான் எடுத்தார்.

எஸ்டேட் முதலாளி அதைப் பெரிதாக்கி ஆபீஸ் சுவரில் மாட்டினார். மறுநாள் எஸ்டேட் வேலைக்கு வரும் கலாவதி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க ரைட்டரே, எங்க கருப்பாயிய எதுக்கு ஆணியில மாட்டி வச்சிருக்கறீங்க?”

“கருப்பாயியா? அது யாரு?”

“எங்க ஊட்டு எருமைங்க.”

காபிச்செடியின் தண்டைத் துளைக்கும் வண்டுக்காகச் சுண்ணாம்பு அடிப்பது எஸ்டேட் வழக்கம். அதற்காகக் கரைத்து வைத்திருந்த குழியைக் கருப்பாயி குட்டை என்று நினைத்திருக்கிறது. எருமைக்கு ஈரம் இருந்தால் போதும், நிறம் பார்க்காது. இறங்கி நின்று சுகம் கண்டுவிட்டு, முட்டிவரை வெள்ளையோடு பனிக்குள் வந்து நின்றிருக்கிறது. குழியை வெட்டச் சொன்ன ரைட்டர், அதில் கால் நனைத்த எருமையையே காட்டு விலங்கென்று படம் பிடித்திருக்கிறார்.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் போதகர் பிரசங்க மேடையிலிருந்தே அறிவித்துவிட்டார். வருகிற ஞாயிறு சால்வை. பிரிஸ்கில்லா தன் அண்ணன்மார் குடும்பத்தையெல்லாம் அழைத்துவிட்டாள். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. இந்த மலையில் ஒருவருக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டால் பேரன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் உரியாது. ‘எருமை ரைட்டர்’ என்பது நாக்குக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று ஜெப்சன் தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டு வியர்த்திருந்தார்.

இப்போது இந்த மாதப்பன். பரிசுக் குழு அனுப்பிய ஆள் என்பதில் ஜெப்சனுக்குச் சந்தேகமே இல்லை. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள்.

உடனே திருப்பிக் கூப்பிட்டார். “ஐயா, அது காட்டுக்குள்ள போயிருச்சுங்க. இனிமே எப்ப வருமோ தெரியாதுங்க.”

“அப்படியா? அப்ப வர்ற வரைக்கும் இருந்தே பாத்துட்டுப் போறேன். ரூம் ஏதாச்சும் கிடைக்குமுங்களா?”

ஜெப்சன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஒரே நாள்ல வந்துட்டுப் போயிருப்பாரு. நீங்க கூப்பிட்டுக் குடித்தனம் வச்சிட்டீங்க” என்றாள் பிரிஸ்கில்லா. “பேசாம வேற பக்கம் கூட்டிட்டுப் போயி நல்லா நடக்க உடுங்க. அலுத்துப்போய் அவரே கெளம்பிருவாரு.”

மறுநாள் காலையில் பழைய ஜீப் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்த மணி கொட்டாவி விட்டபடி இருக்கையிலேயே இருந்துகொண்டான். இறங்கிய மாதப்பனுக்கு வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் துண்டு. கையில் கேமரா இல்லை. விலங்கைப் பார்க்கக் கேமரா இல்லாமல் வருகிறவர் விசாரணைக்குத்தான் வருவார் என்று ஜெப்சன் முடிவுகட்டினார்.

“ஏனுங்க ஐயா, எதுக்காகப் பாக்கோணும்னு...?”

“சும்மாதானுங்க” என்றார் மாதப்பன். முகத்தில் ஒன்றும் இல்லை. “ஆசையெல்லாம் ஒண்ணுமில்லை. சும்மா ஒரு நடை பாத்துட்டுப் போலாம்னு.”

ஜெப்சன் அவரை வெள்ளக்கடை என்ற ஊர்ப் பக்கம் அழைத்துப் போனார். மேடு ஏற்றினார், பள்ளம் இறக்கினார். பள்ளத்தாக்கைக் காட்டினார், பூத்த செடியைக் காட்டினார், பெயர் தெரியாத குருவிக்குப் பெயர் வைத்துக் காட்டினார். மாதப்பன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் சொன்னார்.

“நல்லாருக்குதுங்க. அது எங்க?”

கடைசியில் மூச்சிரைத்தது ஜெப்சனுக்குத்தான். மாதப்பனின் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. வாழ்நாளெல்லாம் எதன் பின்னாலோ நடந்தே பழகிய கால்கள் அவை.

திரும்பும் வழியில் மலர் நடத்தும் டீக்கடையில் நின்றார்கள். ஜெப்சன் டீயை ஊதிக்கொண்டிருந்த நேரத்தில் மாதப்பன் தன் போனை எடுத்துப் படத்தை மலரிடம் நீட்டிவிட்டார்.

“அம்மணி, இதை இந்தப் பக்கம் பாத்திருக்கறயா?”

மலர் ஒரே பார்வையில், “அட, இது நம்ம கலா...” என்று ஆரம்பித்தாள்.

“கலரு!” என்று கத்தினார் ஜெப்சன். டீ பாதி சட்டையில் கொட்டியது. “கலரு நொம்ப நல்லாருக்குதுன்னு சொல்றாங்க. இல்லையா மலரு?”

சூடு தாங்காமல் அவர் கண்களில் நீர் வந்தது. அதைப் பார்த்து இரக்கப்பட்ட மலர், “கலரு நல்லாருக்குதுங்க” என்றாள்.

மாதப்பன் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, “படத்துல பின்னால ஒரு தண்ணித்தொட்டி தெரியுதுங்களே. அங்க போலாம்” என்றார்.

ஜெப்சன் கடைக்குப் பின்னால் போய் மனைவியைக் கூப்பிட்டார். “பிரிஸ்கில்லா, மானம் போவுது. கலாவதியக்காகிட்ட ஓடு. கருப்பாயி கால்ல சுண்ணாம்பு அடிங்க. தொட்டிக்கு மேல மரத்துக்குள்ள நிறுத்துங்க. ரோட்டுல இருந்தே காட்டி அனுப்பிடறேன்.”

“பொய்யி ஒண்ணாயிருந்துது. இப்ப அதுக்குப் பெயிண்ட் வேற அடிக்கறதுங்களா?”

“அடி, தாயே!”

அவர்கள் தொட்டியடிக்கு வந்தபோது கர்த்தர் ஜெப்சனைக் கைவிடவில்லை. நல்ல பனி. மேலே மரங்களுக்கு நடுவே கறுப்பாக, கம்பீரமாக, நாலு வெள்ளைக் கால்களோடு அது நின்றது. பார்த்த ஜெப்சனுக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

“அதோ! சத்தம் போடாதீங்க” என்று கிசுகிசுத்தார்.

மாதப்பன் நெடுநேரம் பார்த்தார். “கிட்டப் போலாமுங்களா?”

“ஐயையோ! முட்டித் தூக்கி வீசிப்போடுமுங்க!”

அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது. திரையை யாரோ விலக்குவதுபோலப் பனி மொத்தமாக ஒதுங்கியது. காட்டெருமையின் மூக்கில் கயிறு தெரிந்தது. கயிற்றின் மறுமுனையில், மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்தபடி கலாவதி தெரிந்தாள். அவளுக்குப் பக்கத்தில் பிரஷ்ஷோடு பிரிஸ்கில்லா. கருப்பாயியோ எதிரே தொட்டித் தண்ணீரைக் கண்டது. அதற்குமேல் அது யார் பேச்சையும் கேட்கவில்லை. சரிவில் இறங்கி ஓடி வந்தது. கயிற்றை விடாத கலாவதியும் கூடவே ஓடி வந்தாள்.

“நில்லு சாமி, நில்லு கண்ணு! ரைட்டரே, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, உங்க ஊட்டம்மாதான் அடிக்கச் சொன்னாங்க!”

கருப்பாயி தொட்டியில் வாய் வைத்து நிம்மதியாகத் தண்ணீர் குடித்தது.

மாதப்பன் அருகே போனார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் குனிந்து ஒரு காலின் சுண்ணாம்பைத் துடைத்தார். குளம்பைப் பார்த்தார். முதுகின்மேல் கையை வைத்துச் சாணால் அளந்தார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உதட்டைப் பிதுக்கினார்.

“போட்டோவுல இன்னும் பெருசாத் தெரிஞ்சுதுங்க.”

இவ்வளவு ஆதாரம் சேகரித்த பிறகு இனி எதை மறைப்பது? ஜெப்சன் உடைந்துபோனார்.

“ஐயா, இது எருமைங்க! காட்டெருமை இல்லைங்க, ஊட்டெருமை! எடுக்கும்போது சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சப்புறமும் சொல்லாம இருந்தது என் தப்புங்க. பரிசைத் திருப்பிக் குடுத்தர்றேன். சால்வையும் வேண்டாமுங்க.”

சொல்லி முடித்ததும் ஆச்சரியமாக ஒன்று நடந்தது. ஒரு வாரமாக நெஞ்சின்மேல் படுத்திருந்த எருமை எழுந்து போனதுபோல இருந்தது. ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். பட்டப்பெயர் வந்தால் வரட்டும்.

மாதப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “எருமைன்னு படத்தைப் பாத்தப்பவே தெரியுமுங்க.”

“தெரியுமா?”

“கொம்பப் பாத்தாத் தெரியாதுங்களா?” என்றவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இதுக்காகச் சேலத்துல இருந்து வேற யாராச்சும் உங்களக் கூப்பிட்டாங்களா?”

“இல்லீங்க. நீங்க மட்டுந்தானுங்க.”

“நல்லது. எருமைங்கறத வெளிய மூச்சு உடாதீங்க. காட்டெருமையாவே இருக்கட்டும்.” பிறகு கலாவதியிடம் திரும்பி, “அம்மணி, கொட்டாய் எங்க? உங்க ஊட்டுக்காரரு இருக்கறாருங்களா?” என்று கேட்டபடி அவளோடு நடந்துபோனார்.

ஜெப்சனும் பிரிஸ்கில்லாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஏனுங்க, பரிசு இருக்குதா, போயிருச்சா?” என்றாள் அவள்.

அதைத் தெரிந்துகொள்ள ஜெப்சன் ஜீப்புக்கு ஓடினார். “தம்பி, உங்க ஐயா மனசுல என்னதான் இருக்குது? பரிசுக் குழுவுல அவரு என்னங்க, தலைவருங்களா?”

மணி அன்றைய கடைசிக் கொட்டாவியை முடித்துவிட்டுச் சொன்னான்:

“என்ன குழுவுங்க? ஐயாவுக்கு எருமை யாவாரமுங்க. சேலத்துல மழைக்கு ஒதுங்குன மண்டபத்துல போட்டிப் படமெல்லாம் மாட்டி வச்சிருந்தாங்க, அதுல உங்க போட்டோவப் பாத்துப்போட்டு ‘வாங்குனா இதைத்தாண்டா வாங்கோணும், ஆனா ஆசைன்னு காட்டிக்கிட்டா வெலைய ஏத்திப்போடுவாங்க’ன்னு நேத்துல இருந்து மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டுத் திரியறாருங்க!”