மேல என்றால் எந்தப் பக்கம்?

செல்வி, குமரா, நான் ஓட்டும் டிராக்டரில் ஏறினால் மட்டும் தாத்தா ஏன் வாயைத் திறக்காமல் வழியைக் கையால் காட்டுகிறார் என்று கேட்டீர்கள். அம்மாவிடம் கேட்டால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். ஆகவே நானே எழுதி வைக்கிறேன். அதிகம் படிக்காதவன் எழுத்து; பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். (நடந்ததைத் திருத்த முடியாது.)

இந்த டிராக்டர் தாத்தாவுடையது. வயதில் எனக்கு மூத்தது. அதில் ஒரு குறை இருந்தது. கிளட்சை மிதித்தால் வண்டியோடு சேர்ந்து, பின்னால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்கும் செத்துப்போகும்.

"இந்த நடவோட இத பழைய இரும்புக்குப் போட்டுடலாம் மாப்ள" என்றார் தாத்தா.

எனக்கு அந்த வண்டியை விட மனமில்லை. அதை விட்டால் நமக்கு வேறு வண்டியும் இல்லை. "சரிபண்ணிக் காட்டறேன் மாமா. பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன்.

சீர்காழியிலிருந்து மெக்கானிக் ரபீக் பாய் வந்தார். இன்ஜின் மூக்கில் தனியாக ஒரு பம்பைப் பொருத்தி, வண்டியின் வயிற்றுக்கு அடியில் குழாய் ஓட்டிப் பின்பக்கம் சேர்த்தார். "இதுக்குப் பேரு லைவ் ஹைட்ராலிக். இன்ஜின் ஓடுற வரைக்கும் உசுரோட இருக்கும். கிளட்ச்ச மிதிச்சாலும் தூக்கும்" என்றார். தூக்கவும் இறக்கவும் என் இருக்கை ஓரத்தில் ஒரு புது லீவர் முளைத்தது. பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். (செல்வி பிறந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை என்பது உங்கள் அம்மாவின் புகார்.)

மறுநாள் கலப்பையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பலகை மேடையை மாட்டி, நாற்றுக்கட்டுகளை அடுக்கினோம். கட்டு சரியாமல் பிடித்துக்கொள்ள, வெளுத்த வேட்டியோடு தாத்தாவே மேடையில் ஏறி உட்கார்ந்தார். வாய்க்கால் கரை இரண்டாகப் பிரியும் இடத்தில் கிளட்சை மிதித்து நின்றேன். எந்தப் பக்கம் என்று கேட்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மேல, மாப்ள!"

என் மனம் முழுக்க லீவரில் இருந்தது. இழுத்தேன். தாத்தா மேலே போனார்.

"மேலங்கிறேன்ல!"

இன்னும் இழுத்தேன்.

"யோவ், மேலய்யா, மேல!" (மாப்பிள்ளை மரியாதை அந்த உயரத்தில் தீர்ந்துவிட்டது.)

"இதுக்கு மேல போகாது மாமா!" என்றேன் பணிவாக.

வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்து பார்த்தாள். "அடியே, சாமி பொறப்பாடு ஆயிருச்சுடி! கும்புட்டுக்கங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் மேற்கை மேல என்போம், கிழக்கைக் கீழ என்போம். அவர் சொன்னது மேற்கே திரும்பச் சொல்லி. வண்டி பழையபடியே இருந்திருந்தால், கிளட்சை மிதித்து நிற்கும்போது லீவரை இழுத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதன் குறைதான் இத்தனை நாள் என் முட்டாள்தனத்துக்குக் காவலாக இருந்திருக்கிறது.

இனி தவறக்கூடாது என்று முடிவு செய்தேன். அதற்குள் தாத்தா, "கீழ! கீழ!" என்று அலறினார்.

புரிந்துகொண்டேன். கிழக்கே திருப்பி வண்டியை விட்டேன்.

அந்தரத்தில் தொங்கிய காலோடு தாத்தாவின் ஊர்வலம் மதகு வரைக்கும் போனது. மதகு மேட்டில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. நாற்று வாய்க்காலில் விழுந்தது. தாத்தா சேற்றில் விழுந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினேன். அடி இல்லை. வேட்டிதான் வயலின் நிறமாகியிருந்தது.

"என்னை மேல அனுப்பிட்டு வண்டிய எடுத்துக்கலாம்னு பாத்தீங்களா, மாப்ள?"

வண்டி பழைய இரும்புதான் என்று நினைத்தேன். அவர் வண்டிக்குப் பின்னால் அந்தரத்தில் நின்ற மேடையையே பார்த்தார். அது இறங்காமல் அப்படியே நின்றது.

"தூக்கறப்ப கிளட்ச்ச மிதிச்சிருந்தீங்களா?"

"மிதிச்சிருந்தேன் மாமா."

"மிதிச்சும் தூக்குச்சா?"

"தூக்குச்சு."

"அப்ப வண்டி இருக்கட்டும்" என்றவர், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "வண்டில குத்தமில்ல" என்றார்.

இன்றைக்கும் நம் வீட்டில் யாராவது மேலத்தெருவுக்குக் கிளம்பினால், "கெட்டியா புடிச்சுக்கங்க" என்கிறாள் உங்கள் அம்மா. அது இதனால்தான்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, வாய்க்கால் தண்ணீரில் மேடையைக் கழுவினேன். லீவர் பக்கத்தில் பெயின்ட்டால் மேலும் கீழுமாக 'தூக்கு', 'இறக்கு' என்று எழுதினேன். பிறகு அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது என்றும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன்.