ஒட்டாத பாலம்

இந்த ஞாயிற்றுக்கிழமை தூங்கியே தீர்வது என்று முடிவெடுத்தேன். சும்மா கண்ணயர்வது இல்லை. கட்டையைக் கீழே போட்டது மாதிரி ஒரு தூக்கம்.

என் உத்தியோகம் அப்படி. யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று உலகத்துக்கே திறந்துவிட்ட வரைபடம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. நல்ல மனசுக்காரர்கள் ஆசை ஆசையாக வரைகிறார்கள். டெலிவரி வேன்களுக்கு வழி சொல்லும் எங்கள் மெஷினுக்கு அதை ஊட்டுவதற்கு முன்னால் நான் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு புண்ணியவான் மாடிப்படியைச் சாலை என்று வரைந்திருப்பார். இன்னொருவர் ஒருவழிப் பாதையைத் தலைகீழாகத் திருப்பியிருப்பார். ரெண்டு கோடுகள் பார்வைக்கு ஒட்டின மாதிரியே இருக்கும், கிட்டப் போய்ப் பார்த்தால் நடுவில் மயிரிழை இடைவெளி. மெஷினுக்கு அது பாதாளம். சுற்றிக்கொண்டுதான் போகும். வாரம் முழுக்க இப்படி ஊரார் சாலைகளை ஒட்டவைத்து என் கண் இரண்டும் பூத்துப்போய்விடும்.

ஞாயிறானால் மனைவியின் அண்ணன் வீடு. மச்சான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறார். நான் வண்டியை நிறுத்துவதற்குள் வாசலுக்கு வந்துவிடுவார். "மாப்ள, ஸ்டியரிங்க ஒடிங்க. திருப்பச் சொன்னா ஒடச்சே போடறீங்களே!" பக்கத்து வீட்டு நாய்கூட வேடிக்கை பார்க்கும்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய். கால்வாய்க்கு ஒரு பாலம். யோசனை பளிச்சென்று வந்தது.

பொது வரைபடத்தில் கை வைக்கவில்லை. ஆம்புலன்ஸ் சுற்றிப் போனால் அந்தப் பாவம் யாருக்கு? என் போனில், என் காருக்கென்று வைத்திருக்கும் பிரதியில் மட்டும் பாலத்தின் ஒரு முனையைப் பிடித்து லேசாக நகர்த்தினேன். அவ்வளவுதான். இருபது நிமிஷ வழி ஒன்றே முக்கால் மணி நேரமாக வீங்கிவிட்டது. இவ்வளவு தூரமா, வேண்டாம் என்று அவளே சொல்லிவிடுவாள். நான் போய்ப் படுத்துவிடுவேன்.

காரில் ஏறினதும் போனை நீட்டினேன்.

"ஒன்னே முக்கா மணி நேரமா?"

"பாலத்துல ஏதோ வேல போல. மெஷின் சுத்திப் போகச் சொல்லுது. உனக்கும் அலைச்சல். பேசாம..."

"பரவால்ல, போலாம்."

"என்னது?"

"அண்ணன் காத்துட்டிருப்பாரு. வண்டிய எடுங்க."

எடுத்தேன். வேறு வழி? கால்வாய்க் கரையோடு போகும்போது பாலம் கண்ணில் பட்டது. அவள் கண்ணிலும்தான்.

"என்னங்க, பாலத்துல லாரி போகுதே?"

"லாரிக்கு வேற மேப்."

"ஸ்கூட்டர் போகுது?"

"அவர்கிட்ட மேப்பே இருக்காது."

"ஒரு அம்மா தள்ளுவண்டியில குழந்தைய வெச்சுத் தள்ளிட்டுப் போறாங்களே?"

"நடக்குறவங்களுக்கு அனுமதி உண்டு."

"அப்படியா!" என்றாள். அந்த 'அப்படியா'வில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஒருவேள தொறந்துட்டாங்களோ என்னமோ. போய்ப் பாப்போமா?"

"வேணாங்க. நீங்க சுத்தம் பண்ண மேப். கட்டின பொண்டாட்டியே நம்பலன்னா ஊர்ல யார் நம்புவா?"

மெஷின் தேன் குரலில் "இடது பக்கம் திரும்பவும்" என்றது. திரும்பினேன். தொழிற்சாலைகள், கிடங்குகள், ஆளில்லாத ரவுண்டானா, அதற்கப்புறம் இன்னொரு ரவுண்டானா. என் தூக்கம் பின் சீட்டில் உட்கார்ந்து என்னோடு வந்துகொண்டிருந்தது. அவளோ கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கதை, ஆபீஸ் கதை, பத்து வருஷத்துக்கு முன்னால் நான் தொலைத்த குடையின் கதை எல்லாம் சொன்னாள். நான் 'உம்' கொட்டினேன். வண்டி ஓட்டுகிறவன் கொட்டாவி விட்டால் ஆபத்தில்லையா.

மச்சான் வாசலிலேயே நின்றார். "என்ன மாப்ள, இவ்ளோ லேட்டு?"

"பாலம் மூடியிருந்தது மச்சான்."

"எந்தப் பாலம்? இப்பத்தானே ஒரு பையனுக்கு அதுமேல மூணு தடவ ஓட்டக் கத்துக்குடுத்துட்டு வரேன்!"

அவள்தான் காப்பாற்றினாள். "நாங்க வர்றப்ப மூடியிருந்ததுண்ணா. அப்புறம் தொறந்திருப்பாங்க." அந்த நிமிஷம் அவள் காலில் விழலாம்போல் இருந்தது. மச்சான் அன்றைக்கு என்னை நாலு தடவை ரிவர்ஸ் எடுக்கவைத்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் கிளம்பினோம். உற்சாகமாகப் பாலத்தின் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

"எங்க போறீங்க? வந்த வழியே போங்க."

"பாலம்தான் தொறந்தாச்சே!"

"உங்க மேப்புல இன்னும் ஒட்டலியே."

பிரேக்கில் கால் தானாகப் போனது. "உனக்கு எப்படி..."

"கல்யாணமானதுலேருந்து சாப்பாட்டு மேசைல நான் கேக்கறது வேற என்ன? ரெண்டு கோடு தொடலன்னா மெஷின் போகாது, தொடலன்னா போகாதுன்னு. நான்தான் தினம் கேக்கறேனே!"

"அப்போ காலைலயே தெரியுமா? அப்புறம் ஏன் ஒன்னே முக்கா மணி நேரம்..."

"ஆறு நாள் அந்தக் கம்ப்யூட்டரப் பாக்கறீங்க. ஏழாவது நாள் எப்படா தூங்கலாம்னு பாக்கறீங்க. எம் பக்கத்துல சேந்தாப்ல ஒன்னே முக்கா மணி நேரம் முழிச்சுக்கிட்டு உக்காந்து எவ்ளோ காலமாச்சுன்னு உங்க மெஷினக் கேளுங்க."

அது நியாயம்தான். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. வண்டியைத் திருப்பினேன். ரவுண்டானா, அதற்கப்புறம் இன்னொரு ரவுண்டானா.

வீட்டுக்கு வந்ததும், செய்த தப்புக்குப் பரிகாரமாக, "இப்பவே அந்தப் பாலத்த ஒட்டிடறேன்" என்று போனை எடுத்தேன்.

பிடுங்கி வைத்துவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த ஞாயிற்றுக்கு இன்னொரு பாலத்தையும் பிரித்துவிட முடியுமா என்று கேட்கிறாள்.