கிஷாந்த் சேரின் பகா எண்

வகுப்பு விளம்பரப் பனர் கட்டிய கையோடு கிஷாந்த் சேருக்கு முதல் அழைப்பு வந்துவிட்டது.

"சேர், நான் நேசமலர் கதைக்கிறன். மகனைக் கணக்கு வகுப்பில சேர்க்கிற விஷயமா... பனரில இருக்கிற உங்கட நம்பரை ஒருக்காக் கூட்டிப் பார்த்தனான். ஒன்பது வருது."

சேர் போனைத் துண்டித்துவிட்டார். வியர்த்துக் கொட்டியது.

வியர்க்காமல் என்ன செய்யும்? வெள்ளவத்தையில் புதிதாக வகுப்புத் தொடங்குபவர், கொட்டாஞ்சேனையில் கணக்கு வகுப்பு நடத்தும் ரெனால்ட் சேரை ஒரே அடியில் விழுத்த எண்ணி, 'எங்கள் தொலைபேசி எண்கூடப் பகா எண்தான்' என்று பனரில் ஆளுயர எழுத்தில் போட்டிருந்தார். எழுபது கோடிக்கு மேற்பட்ட எண், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் பிரிபடாதாம். சோதித்தாரா? அவ்வளவு பெரிய எண்ணை எந்த வேலையற்றவர் சோதிக்கப் போகிறார் என்ற துணிவுதான். இலக்கங்களைக் கூட்டி ஒன்பது வந்தால் எண் ஒன்பதால் பிரிபடும் என்பது சின்ன வகுப்புப் பாடம். அது தெரியாத பிள்ளைகளை அவரே முழந்தாளில் நிற்க வைத்திருக்கிறார்.

அடுத்தடுத்து எடுத்த அம்மாமாரும் அதையே சொன்னார்கள். "ஒன்பது வருதெல்லோ சேர்."

ஊரே திரண்டு நக்கலடிக்கிறது என்று அவருக்கு அழுகை வந்தது. இந்த வகுப்பை நம்பித்தான் பாடசாலை வேலையை விட்டிருந்தார். பிள்ளைகள் வராவிட்டால் மாமனாரின் அரிசிக்கடையில்தான் போய் இருக்க வேண்டும்.

"முன்னால நாட்டுக் குறியீடு 94 சேர்த்து வாசிக்கவேணும் எண்டு ஒரு ஒட்டு ஒட்டுவம். கூட்டுத்தொகை மாறிப்போகும்," என்றார் மனைவியிடம்.

ரூபிகா இணையத்தில் போட்டுப் பார்த்தாள். "இப்ப பதின்மூண்டால பிரிபடுது. ஒட்டைக் கழட்டுங்கோ."

சேர் பழைய நம்பரையே தலைமுழுகினார். பௌஸியின் போன் கடையில் உட்கார்ந்து, புது நம்பர்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்தார்.

"எல்லா நம்பருக்கும் கோல் வரும் சேர்," என்றார் பௌஸி பொறுமை இழந்து.

"கோல் வந்தாப் போதாது. பிரிபடக் கூடாது."

கடைசியில் சுத்தமான பகா எண் ஒன்று அகப்பட்டது. புதுப் பனர் ஏறியது. அதன்பிறகு போன் அடிக்கவேயில்லை. முதல் வகுப்பன்று மண்டபத்து மின்விசிறிகள் வெறும் கதிரைகளுக்குக் காற்று வீசின.

சேர் மானத்தை விட்டு நேசமலருக்கு எடுத்தார். "அம்மா, இந்த நம்பரில ஒரு பிழையும் பிடிக்கேலாது. மகனை அனுப்புங்கோவன்."

"பிழை பிடிக்கவோ? பழைய நம்பர் ஒன்பது வந்தபடியால், ராசியான வகுப்பு எண்டு சேர்க்கத்தானே எல்லாரும் எடுத்தனாங்கள். நீங்கள் கட் பண்ணிப்போட்டியள். இது கூட்டினா எட்டு, சனியன்ர எண். மகனை ரெனால்ட் சேரிட்ட விட்டிட்டன்." நேசமலருக்கே பாவமாகிவிட்டது போலும். "ஒண்டு செய்யுங்கோ சேர், ஒன்பது வாற பகா எண் ஒண்டு எடுங்கோ. மகளை அனுப்புறன்."