அடங்காதவர் சங்கத்து மரியாதை

சட்டத்துக்கு அடங்காதவர்களிடம் எப்படி அடக்கமாக நடந்துகொள்வது என்பதற்கு விதிகள் இருக்கின்றன. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதை ஓரம் இட்லிக்கடை வைத்திருக்கும் சகாதேவனுக்கு இது அறுபது வயது வரைக்கும் தெரியாது. தெரியாமல் நன்றாகத்தான் இருந்தார்.

தெரிந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று காலை எமகிங்கரர் மோட்டார் சைக்கிள் சங்கத்தார் அவர் கடைக்கு இட்லி தின்ன வந்தார்கள்.

சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எல்லாம் புல்லட். எல்லாருக்கும் கை இல்லாத கறுப்புத் தோல் கோட்டு. சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டார்கள். முதுகில் எமன் படம். எருமை இல்லை, அவனும் புல்லட்டில்தான் உட்கார்ந்திருந்தான். வெளிநாட்டில் இப்படிப்பட்ட சங்கங்களைக் கண்டால் போலீசே ஒதுங்கிப் போகுமாம். அதைச் செல்போனில் பார்த்துவிட்டு, அந்த மரியாதை நமக்கும் வேண்டும் என்று ஆரம்பித்தது.

தலைவன் சரவணகுமார், கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கிறான். சகாதேவனின் மனைவி பச்சையம்மாளுக்குத் தங்கை மகன். கோட்டு மாட்டிய நாளிலிருந்து "பெரியப்பா" என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். செயலாளர் கோபி, இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பொருளாளர் தருமன், பால் சங்கத்தில் எழுத்தர்.

சட்டத்துக்கு அடங்காதவர்கள் ஆகையால் சங்கத்தை முறைப்படி பதிவு செய்திருந்தார்கள். நோக்கம் என்ற இடத்தில் "எந்தச் சட்டத்துக்கும் அடங்காதிருத்தல்" என்று எழுதி, முத்திரை வாங்கி, வருடா வருடம் தணிக்கை அறிக்கையை நாள் தவறாமல் தாக்கல் செய்து வந்தார்கள். எல்லாரும் ஹெல்மெட் போடுவார்கள். சிவப்பு விளக்கில் நிற்பார்கள். விளக்கு கெட்டுப்போன இடத்திலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள்.

சகாதேவன் கடைக்கு வாசல் குறுகல். ஒரு பக்கம் டிரான்ஸ்பார்மர் வேலி, இன்னொரு பக்கம் மதில். சரவணகுமார் வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினான். தலைவர் வண்டி எல்லாருக்கும் முன்னால் நிற்க வேண்டுமாம். இறங்கினான். பாதி இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

"அம்மா!" என்றான் எமகிங்கரர் தலைவன்.

ஷேர் ஆட்டோவில் சாய்த்து ஊருக்கு அனுப்பினார்கள். வண்டி வாசலிலேயே நின்றது. மற்றவர்கள் பின்சந்து வழியாக உள்ளே போய் இட்லிக்கு உட்கார்ந்தார்கள்.

சகாதேவன் வெளியே வந்து ஹேண்டில்பாரில் கை வைத்தார்.

"பெரியவரே!" கோபி போட்ட கத்தலில் உள்ளே ஒருவருக்குப் புரையேறியது. "தொட்டுட்டீங்களே!"

"தொடாம எப்டிப்பா நகத்தறது?"

"அடுத்தவன் வண்டியத் தொடக்கூடாது. உக்காரக்கூடாது. சாஞ்சு நிக்கக்கூடாது. கோட்டு மேல கை படக்கூடாது. அவரா கை நீட்டினாத்தான் நாம நீட்டணும். உலகம் பூரா இருக்கற மரியாதைங்க இது."

"தொட்டா இன்னா பண்ணுவாங்க?"

"அடிப்பாங்க."

"யாரு?"

கோபி தருமனைப் பார்த்தான். தருமன் சாம்பாரைப் பார்த்தான்.

"முதல் தடவைங்கறதால எச்சரிக்கையோட விடறோம்."

"சரி, நீயே எடு."

"எனக்கும் அது அடுத்தவன் வண்டிதானேங்க. தலைவரே வந்து, வண்டி பக்கத்துல நின்னு, வாயத் திறந்து அனுமதி குடுக்கணும்."

"போன் போட்டுக் கேளு."

"போன்ல குடுத்தா செல்லாது."

"சாவி வண்டியிலேயே தொங்குதே. எவனாவது ஓட்டிட்டுப் போயிட்டா?"

"தொடக்கூடாதுன்னு விதி இருக்கச்சே எப்படிங்க ஓட்டுவான்?"

தலைவனுக்கு டாக்டர் படுத்தே கிடக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை பௌர்ணமி. சகாதேவனுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் வியாபாரம். மற்ற நாளில் கடை திறப்பது ஈ ஓட்டத்தான். மலை சுற்றுகிற கூட்டம் அந்த வாசலைத் தாண்டித்தான் போகும். அது உள்ளே வராவிட்டால் அடுத்த பௌர்ணமி வரை வயிற்றில் ஈரத்துணி. அவரே பின்பக்கச் சந்து வழியாகத்தான் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. புல்லட் அதன் மேல் நின்றது. சகாதேவன் புல்லட்டை மட்டும் முறைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு டவுனுக்குப் பஸ் ஏறினார்.

வாகன நிறுத்த நல்லிணக்கப் பிரிவு என்று ஓர் அலுவலகம். அதன் கண்காணிப்பாளர் புகழேந்தி. நாற்காலி முதுகில் வெள்ளை டவல். சகாதேவன் சொன்னதை எல்லாம் கேட்டார். விதிகள் வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முடிந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"அருமையான விதிகள், பெரியவரே. இதத்தான் நான் இந்த ஆபீசுல தலையால அடிச்சிக்கறேன். என் சேர்ல உக்காராத. என் பைலைத் தொடாத. என் ஜீப்பை முந்தாத. நானா கேட்டா மட்டும் பேசு. எவனாவது கேக்கறானா?"

"வண்டிய எடுக்கணும் சார்."

"எடுக்கணும்னா தொடணும். தொட்டா மரியாதைக் குறைவு. மரியாதை குறைஞ்சா சட்டம் ஒழுங்கு கெடும். சட்டம் ஒழுங்கு என் பிரிவுல வராது."

"தொடாம எடுக்க வழி இல்லீங்களா?"

"ஆராய்ந்து வருகிறோம்."

"எப்பலேர்ந்துங்க?"

"நீங்க கேட்டதுலேர்ந்து."

நடவடிக்கை எடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அன்று மாலையே புகழேந்தி ஜீப்பில் வந்து வண்டியைப் பார்வையிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். வண்டியைச் சுற்றிக் கயிறு கட்ட வைத்தார். ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்: "இவ்வாகனம் உள்ளது உள்ளபடி உள்ள இடத்திலேயே இருத்தல் வேண்டும். மீறுவோர் மீது தக்க மரியாதையுடன் நடவடிக்கை எடுக்கப்படும்."

முன்பு வண்டி மட்டும் வழியை மறித்தது. இப்போது கயிறும் மறித்தது.

"புகார் குடுத்ததுக்கு நல்லா செஞ்சிருக்காங்க" என்றாள் பச்சையம்மாள், உளுந்து களைந்தபடி.

சகாதேவன் கோபியைப் பிடித்தார்.

"உங்க தலைவன்கிட்ட நானே போய்ப் பேசறேன். அவன் என் மச்சினிச்சி பையன். என் கண்ணு முன்னாடி அரைஞாண் கயித்தோட ஓடினவன்."

"வெளியாள் தலைவர்கிட்ட வாகன விஷயம் பேசக்கூடாதுங்க. உறுப்பினரா இருந்தா பேசலாம்."

"அப்ப சேத்துக்கோ."

"உடனே உறுப்பினர் ஆக முடியாது. முதல்ல பயிற்சி அடங்காதவர். சொன்ன வேலையெல்லாம் எதிர்த்துப் பேசாம செய்யணும். ஹெல்மெட் தொடைக்கணும். நாங்க உக்காந்தா நீங்க நிக்கணும். முழுசா கீழ்ப்படிஞ்சு காட்டினா, அப்பால அடங்காதவரா ஏத்துப்போம்."

புதன்கிழமை சகாதேவன் பயிற்சி அடங்காதவர் ஆனார். முதுகில் படம் இல்லாத கோட்டு ஒன்று கிடைத்தது. தொப்பைக்கு மேல் பொத்தான் எட்டவில்லை. அவரிடம் இருந்தது பழைய மொபெட். அதைப் புல்லட்டுகளுக்குப் பின்னால், புகை வருகிற இடத்தில் ஓட்ட அனுமதித்தார்கள். தன் கடையிலேயே சங்கத்தார் பதினைந்து பேருக்கும் நின்றுகொண்டு இட்லி பரிமாறினார். பின்சந்து வழியாகத்தான்.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பஸ்சில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். வயசுக்குக் கொடுத்தானோ கோட்டுக்குக் கொடுத்தானோ தெரியாது. சகாதேவன் கோட்டுக்கு என்றே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பச்சையம்மாளிடம், "நானா கேட்டா மட்டும் பேசு" என்றார்.

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு பேசவில்லை.

வியாழக்கிழமை கீழ்பென்னாத்தூர் போய்க் கட்டிலுக்கு ஓரமாக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மச்சினிச்சி மகனிடம் விண்ணப்பித்தார்.

"பரிசீலிக்கறோம்" என்றான் சரவணகுமார், குப்புறப் படுத்தபடி.

அவன் அம்மா காசியம்மாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஒன்று வைத்தாள். "எங்க அக்கா கடைய அடைச்சிட்டு நிக்குது உன் வண்டி, பரிசீலிக்கறியா? நாளைக்கு எழுந்து போய் எடு. இல்லன்னா சோறு கெடையாது."

அடங்காதவர் சங்கத் தலைவன் "சரிம்மா" என்றான்.

வெள்ளிக்கிழமை. பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே பாதையில் கூட்டம். உள்ளே அண்டா அண்டாவாக இட்லி வெந்தது. காசியம்மாள் தாங்கிப் பிடிக்க, இடுப்பு பெல்ட்டோடு சரவணகுமார் ஆட்டோவிலிருந்து இறங்கினான். சங்கம் வரிசையாக நின்றது. அனுமதி வழங்கும் நிகழ்ச்சியை மேற்பார்வையிடப் புகழேந்தி வந்திருந்தார். கயிறு முறைப்படி அவிழ்க்கப்பட்டது.

சரவணகுமார் வண்டிக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது.

"இது இன்னா?"

எல்லாரும் குனிந்தார்கள். வண்டிக்கு அடியில் தாமரைக் கோலம். வாசல் முழுக்க. புதிதாக, பளிச்சென்று, காவி ஓரம் கட்டி. ஓர் இதழ் முன்சக்கரத்துக்கு அடியில் போய் அந்தப் பக்கம் வெளியே வந்தது.

"வண்டி நிக்கறப்போ அடியில எப்படிக் கோலம் வந்துச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. புகழேந்தி ஆராய ஆரம்பித்தார்.

"எப்படி வரும், நான்தான் போட்டேன்" என்றாள் பச்சையம்மாள். "வாசல் தெளிக்காம இருக்க முடியுமாடா? தினம் விடியக்காத்தால தள்ளி வெப்பேன். கோலம் போட்டுட்டு மறுபடி கொண்டாந்து வெப்பேன்."

 

"தொட்டியா?" என்றார் சகாதேவன்.

"தொடாம எப்படிங்க தள்றது?"

"தள்ளினவ ஏண்டி திரும்ப வெச்ச?"

"எடுத்த சாமான எடுத்த இடத்துல வெக்க வேணாமா? அட்டை வேற தொங்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா இன்னா?"

"நீங்கதானே நீங்களா கேட்டாத்தான் பேசணும்னீங்க. கேட்டீங்களா?"

இந்த இடத்தில் சகாதேவன் வண்டியைத் தள்ளிவிட்டுக் கடையைத் திறந்திருக்கலாம். ஐந்து நாளாக அவர் கேட்டது அதைத்தான். ஆனால் கோட்டு போட்டவர் ஆயிற்றே. விறைப்பாக நின்று கோபியிடம் சொன்னார்:

"செயலாளர் அவர்களே, தலைவர் வண்டிய ஒரு வெளியாள் தொட்டிருக்காங்க. பயிற்சி அடங்காதவர்ங்கற முறையில தெரியப்படுத்திக்கறேன்."

விசாரணை அங்கேயே, வாசலில், நாற்காலி போட்டு நடந்தது. வாசல் நன்றாகவே அடைபட்டது. எட்டிப் பார்த்த பக்தர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள்.

"தொட்டா இன்னா தண்டனை?" என்று கேட்டார் புகழேந்தி.

"அடிக்கணுங்க" என்றான் கோபி.

"எங்க அக்காவையா?" காசியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எவன்டா அது? முன்னாடி வா."

முன்னாடி வருவதற்கு விதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை.

தருமன் எழுத்தர் அல்லவா, பதிவுப் பத்திரத்தை எடுத்துப் படித்தான். "நோக்கம்: எந்தச் சட்டத்துக்கும் அடங்காதிருத்தல்." நிறுத்தினான். மறுபடி படித்தான். "நம்மள்ல யாராவது இதுவரைக்கும் ஏதாவது மீறியிருக்கமா?"

யோசித்தார்கள். கோபி ஒருமுறை நோ பார்க்கிங்கில் நிறுத்தியிருக்கிறான். அதற்கும் தானே போய் அபராதம் கட்டிவிட்டான்.

"இந்தம்மா சங்க விதிய மீறியிருக்காங்க" என்றான் தருமன். "சார் போட்ட உத்தரவ மீறியிருக்காங்க. புருஷன் பேச்சையும் கேக்கல. அதுவும் தினம் தினம். பத்திரத்தின்படி பார்த்தா, அடங்காதவர்னு இங்க இருக்கறது இவங்க ஒருத்தர்தான்."

புகழேந்தி அட்டையைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். "ஆவணப்படி சரியாத்தான் இருக்கு" என்றார்.

சரவணகுமார் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கோட்டைக் கழற்றினான். "பெரியம்மா, இந்தா. நீதான் தலைவி."

பச்சையம்மாள் புடவைக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டாள். அளவாக இருந்தது. முதல் ஆணை பிறப்பித்தாள்:

"அந்த எழவ எடுங்கடா."

தலைவி வாயைத் திறந்து சொன்னதால் விதிப்படி தொட்டார்கள். தூக்கியே கொண்டுபோனார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்தது. விடிவதற்குள் அண்டாக்கள் காலி. சகாதேவன் கோட்டைக் கழற்றாமலே சட்னி ஊற்றினார். எல்லாருக்கும் மகிழ்ச்சி.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கோட்டு விடவில்லை.

அடுத்த பௌர்ணமி. பச்சையம்மாள் வாசல் முழுக்க ஒரு கோலம் போட்டாள். டிரான்ஸ்பார்மர் வேலியிலிருந்து மதில் வரை. நடுவில் எமன், புல்லட்டில். கலர் பொடி. சங்கத்தார் கோட்டோடு இரண்டு பக்கமும் காவல் நின்றார்கள். தலைவி போட்ட கோலம், மிதித்தால் மரியாதைக் குறைவு. புகழேந்தி வந்து பார்வையிட்டு, கயிறு கட்டி, அட்டை தொங்கவிட்டுப் போனார். உள்ளது உள்ளபடி உள்ள இடத்திலேயே.

உள்ளே அண்டா அண்டாவாக இட்லி வெந்தது.

வேலூரிலிருந்து வந்த குடும்பம் ஒன்று. குழந்தை பசியில் அழுதது. இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

"ஓரமா கால் வெச்சு வரலாமாங்க?"

"தொடக்கூடாது" என்றார் சகாதேவன்.

"அப்ப எப்படிங்க போறது?"

சகாதேவன் பொத்தானை இழுத்துப் பார்த்தார். இன்னும் எட்டவில்லை.

"மரியாதையாப் போங்க."

"எங்கங்க?"

"எதிர்க் கடைக்கு."